நாத்தனார் லீவு போட்ட நாள்

பேருந்திலிருந்து அவள் இறங்குவதைப் பார்த்ததும் சில அலுவலகங்களில் மேலதிகாரிகள் வருகைப் பதிவேட்டைத் தேடி ஓடுவார்களாம். இத்தனைக்கும் அவளிடம் இருப்பது ஒரு தோள்பை, ஒரு தண்ணீர் பாட்டில், வெயிலுக்கு ஒரு குடை. வாசல் காவலாளிக்கு வணக்கம் சொல்லிவிட்டு, "இன்னைக்கு இங்க யார் லீவு?" என்று மட்டும் கேட்பாள். யாரும் லீவு இல்லையென்றால் இன்னொரு நாள் வருவாள். யாராவது லீவு என்றால் ஒரு நாற்காலியைக் கேட்டு வாங்கி, வழியை மறைக்காமல் ஓரமாகப் போட்டுக்கொண்டு, சாயங்காலம் வரை உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பாள். அரசாங்கத்தின் திறமை தேடும் திட்டத்தில் அவள் இப்போது தேர்வாளர். ஊர் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் சிவப்புப் பொத்தான்.

அந்தப் பெயர் கிடைத்தது, முன்பு அவள் வேலை பார்த்த அரசு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில். கொதிகலன் அறைக்கும் சமையல்கூடத்துக்கும் நடுவில், ஜன்னல் கண்ணாடிகள் எப்போதும் வேர்த்துக்கொண்டிருக்கும் நீளமான கூடம் அது. ஒரு கோடியில் அழுக்குத் துணி வந்து விழும் தொட்டிகள். நடுவில், ஆள் உள்ளே போய்க் காலை நீட்டிப் படுக்கலாம் போன்ற பெரிய துவைக்கும் இயந்திரங்கள். அப்புறம் உலர்த்திகள், ஆவியில் பெருமூச்சு விட்டபடி விரிப்புகளை அமுக்கும் உருளைகள். மறுகோடியில் மடிக்கிற மேசைகளும் வார்டுகளுக்குப் போகும் தள்ளுவண்டிகளும். ஒவ்வொரு இயந்திரத்தின் நெற்றியிலும் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. ஆபத்து என்றால் அமுக்கலாம், இயந்திரம் நின்றுவிடும். மற்றவர்களுக்கு அது தூசி தங்கும் இடம். இவளுக்கோ அதுவே உள்ளங்கை அரிப்புக்கு மருந்து.

உள்ளே ஏதோ 'டொக்' என்றால் அமுக்குவாள். நுரை கொஞ்சம் சோம்பலாக எழுந்தால் அமுக்குவாள். கத்தரிக்கோல், கரண்டி, மூக்குக்கண்ணாடி என்று அவள் நிறுத்தி எடுத்தவை ஏராளம். ஒரு முறை முழு பல்செட் ஒன்று கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சிரித்தபடி சுற்றிக்கொண்டிருந்தது. ஆனால் நிறுத்திப் பார்த்து ஒன்றுமே இல்லாத நாட்கள் அதைவிட ஏராளம். நின்ற இயந்திரத்தைக் கிளப்புவதற்குள் மேலே வார்டுகளிலிருந்து தொலைபேசி அலறத் தொடங்கிவிடும்.

"ஏம்மா, உன் கைக்கு ஒரு உறை தைச்சுப் பூட்டு போட்டுடட்டுமா?" என்பார் சூப்பர்வைசர்.

"போடுங்க சார். கால் இருக்கே" என்பாள்.

பிறவிக் குணம் அது. பிறந்ததும் குழந்தை அழ வேண்டுமே என்று மருத்துவச்சி தட்டுவதற்குக் கையை ஓங்கினாளாம். குழந்தை திரும்பி அந்தக் கையை ஒரு பார்வை பார்த்ததாம், கழுவினாயா என்பது போல. மருத்துவச்சி போய்க் கழுவிவிட்டு வந்த பிறகுதான் வாயைத் திறந்து அழுததாம். இதை நம்பாதவர்கள் அவள் கல்யாணத்தையாவது நம்பலாம், அதற்குச் சாட்சிகள் உயிரோடு இருக்கிறார்கள். பதிவாளர் அலுவலகத்தில் எல்லோரும் பேனாவை எடுத்த நேரம், மணப்பெண் "நிறுத்துங்க" என்றாள். மாப்பிள்ளைக்கு முகத்தில் ஈயாடவில்லை.

"மாப்பிள்ளை பேர் இருக்க வேண்டிய இடத்துல மாமனார் பேர் இருக்கு. இதுல நான் கையெழுத்துப் போட்டா இவர் எனக்கு மகனாயிடுவார்" என்றாள் மணப்பெண்.

அன்று சிரிக்க ஆரம்பித்த மாப்பிள்ளை இன்னும் சிரித்து முடிக்கவில்லை. அவர் பேருந்து ஓட்டுநர். நல்ல பிரேக் எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்தவர்.

மாப்பிள்ளைக்கு ஒரு தங்கை. அண்ணி வருவதற்கு முன்பே அதே சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். சைக்கிள் கடைக்கு மேலே இருந்த வீட்டில் மூவரும் ஒன்றாகக் குடியிருந்தார்கள். இந்த நாத்தனார் வேலையில் ஊமை, வீட்டில் இடி. செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தால் விளக்கை அணைக்கும் வரை ஓயமாட்டாள். கூடத்துக்குள் மட்டும் வாய் பூட்டிக்கொள்ளும். அங்கே பேச அவளுக்கு ஏது நேரம்? எந்தத் துணி எதோடு சேரும், எதைத் தனியாகப் போட வேண்டும், எந்த உலர்த்தி மழை நாளில் முரண்டு பிடிக்கும், எந்த வார்டுக்கு எப்போது கூடுதல் விரிப்பு வேண்டும், எந்தத் தலைமை நர்ஸ் கேட்காமலே கொடுத்தால் மகிழ்வாள், எவள் கேட்டு வாங்கினால்தான் மகிழ்வாள், எல்லாம் அவள் தலைக்குள். யாருக்கும் சொன்னதில்லை. விரலால் காட்டுவாள், அவ்வளவுதான். அவள் விரலை நீட்டினால் தள்ளுவண்டி தானாகவே அந்தப் பக்கம் நகரும் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். பாதி வழிதான் தானாக நகரும்.

அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. அந்தக் கூடத்துக்குத் தலைமை ஏற்க வேண்டும். அழுக்குத் துணி வருகிற வழியும் சுத்தத் துணி போகிற வழியும் ஒரே வாசலில் முட்டிக்கொள்ளாதபடி எல்லாவற்றையும் மாற்றிப் போட வேண்டும். சாப்பாட்டு மேசையில் தட்டுகளை இயந்திரமாகவும் தம்ளர்களைத் தள்ளுவண்டியாகவும் நிறுத்தி விளக்குவாள். அண்ணன் கையில் சோற்றை வைத்துக்கொண்டு தட்டுக்காகக் காத்திருப்பார்.

இந்த நேரத்தில்தான் அரசாங்கம் திறமை தேடும் திட்டத்தைக் கொண்டுவந்தது. நல்ல திட்டம், குறை சொல்ல முடியாது. பொதுத்துறையில் மூலை முடுக்குகளில் எத்தனையோ கெட்டிக்காரர்கள் மங்கிக் கிடக்கிறார்கள். ஒவ்வோர் இடமும் தன்னிடம் உள்ளவர்களில் ஆகத் திறமையான ஒருவரை அனுப்ப வேண்டும். ஒரு வருஷம் பயிற்சி. தேறினால் ஒரு பிரிவுக்குத் தலைமை. நாற்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும். எழுதியவர்கள் மேதைகள். ஒரே ஒரு விஷயத்தைத்தான் மறந்துவிட்டார்கள். கறக்கிற மாட்டை எவனாவது ஓட்டி அனுப்புவானா? தானமாக வருகிற மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்று பெரியவர்கள் சொன்னதே, பார்த்தால் மனசு உடைந்துவிடும் என்றுதானே!

சூப்பர்வைசர் கெட்டவர் அல்ல. கூடம் ஓட வேண்டும், மேலேயிருந்து ஏச்சு வரக்கூடாது, இவ்வளவுதான் அவர் வேண்டுதல். ஆணை வந்ததும் எல்லோரையும் மடிக்கிற மேசையைச் சுற்றி நிற்க வைத்தார்.

"நம்ம கூடத்தோட ஆகப் பெரிய திறமைசாலியை ரொம்ப யோசிச்சுத் தேர்ந்தெடுத்திருக்கேன்" என்று சொல்லி, சிவப்புப் பொத்தானைக் கையைப் பிடித்து முன்னால் நிறுத்தினார். கைதட்டல் கூரையைப் பிளந்தது. நாத்தனார் மட்டும் ஒரு தலையணை உறையை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

வீட்டில் இடி விழுந்தது.

"உனக்கு என்ன தெரியும்னு உன்னை அனுப்பறாங்க? நிறுத்தத் தெரியும். அதுக்கு ஒரு வருஷம் பயிற்சியா, அண்ணி?"

"அடியே, அரசாங்கமே என்னைத் திறமைசாலிங்குது. மறுக்க நீ யாரு?"

"அரசாங்கத்தை ஒரு நாள் உன்னோட துணி துவைக்கச் சொல்லு. அப்புறம் பேசட்டும்."

"ரெண்டு பேரும் திறமைசாலிங்கதான்..." என்று அண்ணன் ஆரம்பித்தார்.

"நீ சும்மா இரு" என்று தங்கையும், "நீங்க சும்மா இருங்க" என்று மனைவியும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அந்த ஒரு விஷயத்தில் அவர்களுக்குள் என்றுமே சண்டை வந்ததில்லை.

சிவப்புப் பொத்தானுக்குத் தன் திறமையில் துளி சந்தேகம் கிடையாது. நாட்டிலேயே திறமையானவர்களை ஒரே இடத்தில் திரட்டுகிறார்கள் என்றால், தான் இல்லாமல் அது எப்படி நிறையும்? புதுச் செருப்பு வாங்கிக்கொண்டு பக்கத்து நகரத்துப் பயிற்சி நிலையத்துக்குக் கிளம்பினாள்.

வகுப்பறையில் நாட்டின் மணிகள் எல்லாம் உட்கார்ந்திருந்தன. சாலைப் பணியாளர் ஒருவர், குழியை மூடுவதற்கு முன் அது ஏன் விழுந்தது என்று வாதம் செய்யாமல் மண்வெட்டியைத் தொடமாட்டார். தபால் நிலையத்து எழுத்தர் பாடினால்தான் அவருக்கு முத்திரை குத்தக் கை எழும்; பாட்டுக்கும் சுருதிக்கும் ஜென்மப் பகை. ஆவண அறைக்காரர் நின்றபடியே தூங்குவார். நீதிமன்றத்துத் தட்டச்சுக்காரி, மின்விசிறி மெதுவாகச் சுற்றினால்கூட அமைச்சருக்கு மனு போடுவாள்.

பயிற்சியை நடத்திய திட்ட அதிகாரி ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. குரலை உயர்த்தாமலே அறையை அடக்கக்கூடியவர். முதல் வாரத்தின் கடைசி நாளில் அவர் கேட்டார்:

"உங்களை அனுப்பும்போது உங்க மேலதிகாரி என்ன சொன்னாங்க? ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

"உன்னை மாதிரி ஆள் கிடையாதுன்னு சொன்னார், மேடம்" என்றார் சாலைப் பணியாளர்.

"எனக்கும் அதேதான். பெட்டியைக்கூட அவரே தூக்கிட்டு வந்து பஸ் ஏத்தினார்" என்றார் எழுத்தர். "பஸ் கிளம்பின பிறகும் கொஞ்ச தூரம் பின்னாலேயே ஓடி வந்தார், நான் இறங்கிடுவேனோன்னு."

"எங்க ஆபீஸ்ல அழுதாங்க" என்றாள் தட்டச்சுக்காரி. "ஆனந்தக் கண்ணீர்னாங்க. அப்ப எனக்குப் புரியல."

"மேடம், நிறுத்துங்க!" என்று சிவப்புப் பொத்தான் எழுந்தாள். "எங்களை யாரும் தேர்ந்தெடுக்கல. துரத்தியிருக்காங்க."

ஒவ்வொருவரும் பக்கத்தில் இருந்தவரை ஏற இறங்கப் பார்த்தார்கள். பிறகு யாரோ ஒருவர் மூக்கால் சிரித்தார். அது பரவி, சிரிப்பு சுவரில் மோதி, ஆவண அறைக்காரரே விழித்துக்கொண்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

திட்ட அதிகாரி சிரிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "நல்ல ஆளை அனுப்புன்னா யாருதான் அனுப்புவாங்க?" என்றார். "எனக்கே ஒரு உதவியாளர் இருக்கார். வைரம். இந்தத் திட்டத்தோட அலுவலகத்துக்கே நான் அவரைக் காட்டினதில்ல."

அந்த வகுப்பு வீணாகிப் போகவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். தொந்தரவு என்று பெயர் வாங்கியவர்களில் பலர், நடவேண்டிய இடத்தில் நடாத செடிகள்தாம். குழி ஏன் விழுந்தது என்று கேட்டவரைத்தான் பிறகு சாலைத் துறை விலைக்கு வாங்காத குறையாகக் கேட்டு வாங்கிக்கொண்டது. சிவப்புப் பொத்தானைத் திட்டமே தனக்குத் தேர்வாளராக வைத்துக்கொண்டது. எழுத்தரின் பாட்டுக்கு மட்டும் எந்தத் திட்டத்திலும் மருந்தில்லை.

சிவப்புப் பொத்தானுக்கு அன்று ஊருக்குத் திரும்பும் பேருந்தில் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சூப்பர்வைசரை என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் வரிசைப்படுத்தினாள். பாதி வழியில் ரோஷம் வடிந்து, அதன் அடியில் கிடந்தது கண்ணுக்குத் தெரிந்தது. தன்னை விரட்டியது மட்டுமில்லை, இன்னொருத்தியை ஒளித்தும் வைத்திருக்கிறார். நாத்தனாருக்கோ வயது வரம்பு நெருங்குகிறது. அடுத்த பயிற்சி வகுப்பில் சேர்ந்தால் உண்டு, இல்லையென்றால் ஆயுசுக்கும் மடிக்கிற மேசைதான்.

திங்கட்கிழமையே அதிகாரியிடம் சொன்னாள். அவரும் சிரமம் பார்க்காமல் சலவைக்கூடத்துக்கு வந்தார். சூப்பர்வைசர் உபசாரத்தில் குறை வைக்கவில்லை.

"அவங்களா? மடிக்கிற ஆள், மேடம். தங்கமான பொண்ணு. பாவம், பேச்சுதான் வராது" என்றார்.

விதிப்படி, மேலதிகாரி பரிந்துரைக்க வேண்டும். இல்லையென்றால் நேர்காணலில் தேற வேண்டும். சூப்பர்வைசரின் கண்ணாடி அறையில் நேர்காணல் நடந்தது. "உங்க பலம்னு நீங்க எதை நினைக்கறீங்க?" என்று அதிகாரி கேட்டார். நாத்தனாரின் கண் கண்ணாடிக்கு வெளியே இருந்தது. அங்கே ஒருவன் அறுவை சிகிச்சைப் பிரிவின் மூட்டையைச் சமையல்கூடத்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். "தெரியல மேடம்" என்று சொல்லிவிட்டு ஓடியே போய்விட்டாள். மூட்டை சரியான வண்டிக்குப் போனது. நேர்காணல் போன இடம் தெரியவில்லை.

அதிகாரிக்கும் வேறு வழியில்லை. கை விரித்தார்.

அதற்குப் பிறகு வீட்டில் இடி இடிக்கவில்லை. இடித்துக்கொண்டே இருந்த வீட்டில் திடீரென்று சத்தம் நின்றால் எப்படி இருக்கும்! அண்ணன் வேண்டுமென்றே சட்டையைத் தரையில் போட்டுப் பார்த்தார். நாத்தனார் பேசாமல் எடுத்து மடித்து வைத்தாள். அவர் பயந்து போய் மனைவியிடம் ஓடினார். "ஏதாவது பண்ணு" என்றார்.

அண்ணி சமையலறைக்குப் போனாள். நாத்தனார் கழுவின தம்ளர்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"லீவு போடு" என்றாள் அண்ணி.

"எதுக்கு?"

"அடுத்த வாரம் செயல்முறைப் பயிற்சின்னு நான் நம்ம கூடத்துக்கே வரேன். நான் வேலை செய்யறதைப் பார்க்க மேடம் வருவாங்க. அன்னைக்கு நீ வராதே."

"நான் வரலன்னா கூடம் விழுந்துடும் அண்ணி."

"விழட்டுமே. விழுந்தாத்தான் தூண் எங்க நின்னதுன்னு தெரியும்."

நாத்தனார் தம்ளரைக் கீழே வைத்தாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் லீவே போட்டதில்லை. ஜுரத்தோடும் போயிருக்கிறாள், கால் சுளுக்கோடும் போயிருக்கிறாள். அது கடமை உணர்ச்சி என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அன்று அவள் மெதுவாக, அண்ணிக்குக்கூடச் சரியாகக் கேட்காத குரலில் கேட்டாள்:

"விழலன்னா?"

இத்தனை வருஷம் அவள் லீவு போடாததற்குக் காரணம் அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. தான் இல்லாமலும் கூடம் ஓடிவிட்டால், மேசையில் தட்டு அடுக்கிக் கண்ட கனவெல்லாம் வெறும் தட்டுதானே?

"விழும். நான் சொல்றேன்" என்றாள் அண்ணி. "எதை நிறுத்தினா என்ன நிக்கும்னு இந்த உலகத்துல என்னைவிட யாருக்குடி தெரியும்?"

லீவு கேட்டபோது சூப்பர்வைசர் தாராளமாகக் கையெழுத்துப் போட்டார். "ஒரு நாள்தானே, நல்லா ரெஸ்ட் எடு" என்றார்.

அந்த நாளும் வந்தது. திட்ட அதிகாரி காலையிலேயே வந்து, ஒரு நாற்காலியில் ஓரமாக உட்கார்ந்தார். சிவப்புப் பொத்தான் மேலுறையை மாட்டிக்கொண்டு உருளைகளின் பக்கம் நின்றாள்.

காலை அழகாக ஓடியது. இயந்திரங்கள் சுற்றின. ஆவி எழுந்தது. வண்டிகள் போயின. சூப்பர்வைசர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். "பார்த்தீங்களா மேடம், நம்ம இடம் கடிகாரம் மாதிரி. யார் வந்தாலும் வராட்டியும் ஓடும்" என்றார். சிவப்புப் பொத்தான் ஒரே விரிப்பை இரண்டு முறை உருளையில் விட்டாள். பிறந்த நாளிலிருந்து முதல் முறையாக, தான் சொன்னது தப்பாக இருக்குமோ என்று நினைத்தாள். நாத்தனாரின் முகத்தை இன்று சாயங்காலம் எப்படிப் பார்ப்பது?

அவளுக்குத் தெரியாதது ஒன்று. அந்தக் காலை முழுக்க ஓடியது முந்தின நாள் நாத்தனார் பிரித்து வைத்துவிட்டுப் போன மூட்டைகளால். அவை தீர்ந்தன.

முதலில் குழந்தைகள் வார்டு கூப்பிட்டது. "என்னங்க, விரிப்பு கேட்டா கூடாரம் அனுப்பியிருக்கீங்க? ஒண்ணுல நாலு குழந்தை படுக்குது." அடுத்தது ஆண்கள் வார்டு. அங்கே ஒரு பெரியவருக்குக் குழந்தைச் சட்டை போய், அது தொப்புளுக்கு மேலேயே நின்றுவிட்டதாம். அவர் கழற்ற மறுத்து, இளமை திரும்பிவிட்டது என்று நடைபாதையில் உலாத்திக்கொண்டிருந்தாராம். மூன்றாவதாகக் கூப்பிட்ட வார்டு திட்டியதை எழுத முடியாது.

"எங்க அவ?" என்று சூப்பர்வைசர் பழக்கத்தில் கேட்டார்.

"லீவு சார்."

"ஆமா, ஆமா."

மழை வேறு தூறியது. மழை நாளில் முரண்டு பிடிக்கும் உலர்த்தி முரண்டு பிடித்தது. ஈரத் துணி மலை போல் குவிந்தது. மலைக்கு அந்தப் பக்கம் நின்றவனை இந்தப் பக்கம் நின்றவன் சத்தம் போட்டுத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. "எங்கய்யா அவ?" என்றார் சூப்பர்வைசர். பிறகு "அவளைக் கூப்பிடு!" என்றார். அப்புறம் கூடத்தின் நடுவில் நின்று, அவள் வழக்கமாக நிற்கும் இடத்தை மட்டும் பார்த்தார்.

அப்போதுதான் சிவப்புப் பொத்தான் அதைக் கண்டாள். ஆம்புலன்ஸ் பிரிவுக்குப் புதிதாக வந்த சிவப்புக் கம்பளிகளை ஒருவன் அள்ளிக்கொண்டு போய், டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகள் கிடந்த இயந்திரத்தில் போட்டுக் கதவைச் சாத்தினான். சாயம் போகும் கம்பளி. நாத்தனார் இருந்திருந்தால் விரலை நீட்டியிருப்பாள். சிவப்புப் பொத்தானின் கை தானாக எழுந்தது. எட்டும் தூரத்தில்தான் பொத்தான். உயிருக்கு ஆபத்து என்றால் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்கமாட்டாள். ஆனால் இது வெறும் நிறம். அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்தாள். அது போதவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, ஒரு துணிமூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

அதிகாரி திரும்பிப் பார்த்தார். "என்ன, கை வலிக்குதா?"

"இல்ல மேடம்" என்றாள். நெற்றியில் வேர்வை வழிந்தது. "அதுவும் இன்னைக்கு லீவு."

இயந்திரம் நின்றதும் கதவைத் திறந்தார்கள். அந்த ஆஸ்பத்திரியின் மருத்துவம் முழுவதும் ரோஜா நிறத்தில் வெளியே வந்து விழுந்தது. கொஞ்ச நேரத்தில் தலைமை அறுவை மருத்துவர், ஆறடி உயரம், அடர்ந்த மீசை, ரோஸ் நிறக் கோட்டில் கூடத்துக்கு நேரில் இறங்கி வந்தார். ஒரு முறை சுற்றிக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

சூப்பர்வைசர் தலையில் கை வைத்தபடி அதிகாரியின் நாற்காலிக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார்.

"அவ இல்லாம இந்த இடம் ஓடாது மேடம்" என்றார். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்பது உறைத்தது.

"மடிக்கிற ஆளுன்னு சொன்னீங்களே?" என்றார் அதிகாரி, குரலை உயர்த்தாமல்.

"மடிக்கவும் செய்வா" என்றார் அவர் பரிதாபமாக.

இந்த நேரமெல்லாம் நாத்தனார் வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பதை அண்ணன்தான் பிறகு சொன்னார். அவருக்கு அன்று ராத்திரிதான் வேலை. தரையைத் துடைத்தாளாம். துடைத்ததையே மறுபடி துடைத்தாளாம். பிறகு ஜன்னலில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லையாம். அங்கிருந்து பார்த்தால் ஆஸ்பத்திரிக் கொதிகலனின் புகைபோக்கி தெரியும்.

"புகை வருதுண்ணா. ஓடுது."

"புகை வந்தா ஓடுதுன்னு அர்த்தமா? என் பஸ்ஸுலகூட நின்னுக்கிட்டே புகை வரும்."

"ஓடுதுண்ணா" என்றாளாம்.

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. முதலில் மூச்சு வாங்கியபடி சூப்பர்வைசர், பின்னால் திட்ட அதிகாரி, கடைசியில் அண்ணி. நாத்தனார் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

"விழுந்துச்சா?" என்றாள்.

"ஏம்மா இப்படிப் பண்ணிட்ட?" என்றார் சூப்பர்வைசர். "பெரிய டாக்டர் ரோஜாப்பூ மாதிரி நிக்கிறார் தாயே!"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய விரல்களுக்கு நடுவே சிரிப்பு பீறிட்டது, அதோடு கண்ணும் நிறைந்தது. துடைத்துக்கொண்டாள். அடுத்த கணம், பல வாரமாக அடைத்துக் கிடந்த இடி மொத்தமும் இறங்கியது.

"கம்பளியைக் கோட்டோட போட்டீங்களா? யார் போட்டது? யார் பார்த்துக்கிட்டு நின்னது?"

"நான்தான்" என்றாள் அண்ணி.

"நீயா? நீ பார்த்துட்டும் நிறுத்தலயா?"

"நிறுத்தல."

நாத்தனார் அண்ணியை மேலும் கீழும் பார்த்தாள். அண்ணியின் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள், அவை அதே கைகள்தானா என்பது போல. உள்ளே போய் மேசையில் தட்டுகளை வைக்க ஆரம்பித்தாள்.

பிறகு நடந்ததுதான் அசல் நேர்காணல். யாரும் அவளைக் கேள்வி கேட்கவில்லை. எங்கே எது தப்பாகப் போயிருக்கும் என்று அவளே ஒவ்வொன்றாகச் சொன்னாள், அங்கே நின்று பார்த்தவள் போல. பெரியவருக்குச் சட்டை மாறியதுகூட அவளுக்குத் தெரிந்திருந்தது. அதைத் தடுக்க வாசலை எங்கே வைக்க வேண்டும், உலர்த்தியை எங்கே நகர்த்த வேண்டும் என்று தம்ளர்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினாள். அதிகாரிக்கு ஆர்வம் மீறிப்போய் அவரே ஒரு தம்ளரை நகர்த்தினார்.

"அதை அங்க வைக்காதீங்க மேடம். அழுக்கு வண்டி திரும்ப முடியாது" என்று நாத்தனார் அதை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தாள்.

அதிகாரி தன் பையை மூடினார். "அன்னைக்கு உங்களைத் தப்பான இடத்துல உட்கார வெச்சுக் கேட்டுட்டேன்" என்றார். "அடுத்த பயிற்சி வகுப்பு ஆரம்பிக்கும்போது வந்துடுங்க. பரிந்துரை எழுத சாருக்கு ஆட்சேபம் இருக்காதுன்னு நினைக்கிறேன்."

"எழுதறேன்" என்றார் சூப்பர்வைசர். "ஆனா கூடம் என்னம்மா ஆகும்?"

"தலைக்குள்ள இருக்கறதை எல்லாருக்கும் வாய் விட்டுச் சொல்லிக் கொடுத்துட்டுத்தான் சார் போவேன். கேட்டிருந்தா முன்னாடியே சொல்லியிருப்பேன். யாரு கேட்டீங்க?"

"சரிம்மா, சரி. இப்ப ஒரு மணி நேரம் மட்டும் வந்துட்டுப் போயேன். ஈரத்துணி மலையா கிடக்கு."

"இன்னைக்கு நான் லீவு சார்."

"அரை மணி நேரம்?"

"நீங்கதானே சார் ரெஸ்ட் எடுக்கச் சொன்னீங்க?"

சூப்பர்வைசர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கூரையைப் பார்த்தார். சூப்பர்வைசர் செருப்பை மாட்டிக்கொண்டு, படியில் ஒரு கால் வைத்தபடி கடைசியாகத் திரும்பினார்.

"அந்தக் கோட்டை வெளுக்க வழியாவது சொல்லும்மா."

"நாளைக்குக் காலைல வந்து சொல்றேன்" என்றாள் நாத்தனார். "இன்னைக்கு ஒரு நாள் அவர் ரோஸ்லயே இருக்கட்டும். மீசைக்கு எடுப்பா இருக்கும்."